அண்டாவும் சொம்பும்

அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அதை விட்டு அரை அடி நகரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்ட மனுஷர் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். அழகர்சாமி, தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், காந்திமதியின் மாமனார். அவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பவர் தனிஸ்லாஸ். அவளோடு கடல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவர், அவளைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று பெரியவரிடம் முறைப்படி கேட்க வந்திருப்பவர். நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் காந்திமதி, நாற்பத்தேழு வயதில், பால்கோவா கிண்டிக்கொண்டு. கண்றாவியே, பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், பெண் சமையலறையில் பதுங்கியிருக்கிறாள், கையில் இனிப்பு வேறு. முதல்தடவை நடந்தபோது இருபத்திரண்டு வயது, பச்சைப் பட்டு, கை தவறிக் காப்பித் தம்ளர் சாய்ந்து, மாப்பிள்ளை பாண்டியின் சட்டையில் பாதி. அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பாவாக உட்கார்ந்து "பரவாயில்ல தாயி, தீப்பிடிச்சாத்தான் பயம், இது வெறும் காப்பிதானே" என்று சிரித்தவர்தான் இன்றைக்குப் பெண்ணுக்கு அப்பாவாக உட்கார்ந்திருக்கிறார். பாண்டி இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். பாண்டி இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது, மண்டு. பால் பொங்கி அடங்கிவிட்டது, இனிமேல் விடாமல் கிண்ட வேண்டும். அணைத்துவிட்டுப் போய் எட்டிப் பார்க்கலாம் என்று யாருக்குத்தான் தெரியாது? ஆனால் போக பயமாக இருக்கிறது. அடுப்பு ஒரு நல்ல சாக்கு.

இருப்புச்சட்டியில் கரண்டியை ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுழல் பிறக்கும், ஒன்று இப்படி, ஒன்று அப்படி. எல்லார் வீட்டு அடுப்படியிலும் நடப்பதுதான், யாரும் மெனக்கெட்டுப் பார்ப்பதில்லை. காந்திமதி பார்ப்பாள், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வங்கக் கடலில் இதே சுழல்கள் உண்டு. ஆளை இழுத்து விழுங்குகிற சமாசாரம் இல்லை அது. ஒவ்வொன்றும் ஒரு ஜில்லா அகலம், ஆடி அசைந்து திரும்பும், மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அதன் நடுவில் கப்பலை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருப்பவனுக்குக்கூடத் தெரியாது. மேலேயிருந்து செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னால்தான் கடல் அந்த இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டியிருப்பது தெரியும். போன வருஷம் சென்னைக்குக் கிழக்கே அப்படி இரண்டு. எண் கொடுத்துத்தான் குறிப்பிட வேண்டும், ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு யார் பாசம் வைப்பது? பெரியதுக்கு அண்டா, சின்னதுக்குச் சொம்பு என்று அவள்தான் பெயர் வைத்தாள். ஆய்வு நிலையம் முழுக்க அந்தப் பெயர்தான் ஓடியது, டைரக்டர்கூட ஒருநாள் மீட்டிங்கில் "சொம்பு எப்படியிருக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டும் ஒரே பக்கம் சுற்றுகிறவை. அப்படிப்பட்டவை கிட்டே வந்தால் சும்மா இருக்காது. முதலில் எட்டவே நின்று ஒன்றையொன்று சுற்றி வரும், போகும், வரும், சம்பந்தி வீட்டார் மாதிரி மரியாதையாகத்தான் இருக்கும். அந்த இடைவெளி ஓர் அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால் அப்புறம் திரும்ப வழி கிடையாது. இரண்டும் நீள நீளமாகத் தண்ணீரைக் கை மாதிரி நீட்டும், கட்டிக்கொள்ளும், ஒன்றாகிவிடும். ரெண்டும் ஏறக்குறைய சமமென்றால் பழைய நடு எதுவும் நடுவாக இருக்காது, புதுசாக ஒரு நடு உண்டாகும். சின்னது நோஞ்சானாக இருந்தால் பெரியது அதை நூலாக இழுத்துத் தன்னைச் சுற்றிச் சுருட்டிக்கொள்ளும். இந்த நூலாகிற விஷயம்தான் அவளுக்குப் பிடிக்காது. சொம்பு நூலாகிற படங்களைப் பார்த்த வாரம் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும். இரண்டு ஒன்றானால் பெரியதன் பெயர் தொடரும், சின்னதுக்கு எதிரே 'முடிந்தது' என்று போட்டுவிடும். சொம்பு முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு படித்த பொம்பளை, பதினைந்து வருஷம் இதே வேலை பார்த்தவள், ஷேர் ஆட்டோவில் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்றால் நம்புவார்களா? பாண்டிக்கும் அப்படித்தான் போட்டார்கள். ஆஸ்பத்திரியில், வங்கியில், ரேஷன் கார்டில், ஒவ்வோர் இடமாக அவன் பெயருக்கு எதிரே அதே சொல். கரண்டி, கரண்டியை நிறுத்தாதே, ஓரத்தில் ஏடு கட்டுகிறது பார், அதை வழித்து உள்ளே தள்ளு. சொம்பு உயிரோடிருந்தபோது அதற்குள் ஒரு மிதவையை இறக்கியிருந்தார்கள், ஆள் உயர மஞ்சள் குழாய், ஆழத்துக்குப் போய் தண்ணீரோடு தண்ணீராக அலைந்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருதடவை மேலே தலையை நீட்டி, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கிவிடும். மிதவைகளுக்கெல்லாம் தனிஸ்லாஸ்தான் பொறுப்பு. தூத்துக்குடிக்காரர், பேச்சு குறைவு, டிபன் பாக்ஸில் தினமும் தயிர்சாதம், மனைவி பிலோமினா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குச் சமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. சொம்பு முடிந்ததாகப் போட்ட பிறகு மிதவையிடமிருந்து சத்தமே இல்லை. மேலே வர வேண்டிய நாள் ஒரு முறை தப்பியது, அடுத்த முறையும் தப்பியது. அப்புறம் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், போன் வந்தது. "மேடம், நம்ம சொம்பு மிதவ மேல வந்துட்டு. அண்டாவோட விலாவுல சுத்திட்டுத்தான் கெடக்கு. பேருதான் மேடம் போயிருக்கு, தண்ணி எங்கயும் போகல." கீரையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. அந்த மனுஷர் சொன்னது மிதவையைப் பற்றி மட்டும்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவர்மேல் அவளுக்குப் பிரியம் வந்தது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

ஆனாலும் கேட்ட விதம் இருக்கிறதே. கேன்டீனில், மெதுவடைக்கு நடுவில், யாராவது இப்படிக் கேட்பார்களா? "மேடம், நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம் சுத்துற ஆளுக இல்ல." சண்டைக்குத்தான் அடி போடுகிறார் என்று அவள் நினைத்தாள், அதற்கு முந்தின நாள்தான் ஒரு மிதவையின் பாட்டரி விஷயத்தில் இருவரும் முட்டிக்கொண்டிருந்தார்கள். "எதிரெதிராச் சுத்துறது ரெண்டு பக்கத்துல வந்தா கலக்காது. அது அது அதுவாவே இருக்கும். ஆனா ஒண்ண ஒண்ணு தள்ளிவிட்டு ஜோடியா நேரா போய்க்கிட்டே இருக்கும். நான் கோயிலுக்குப் போறேன், நீங்க சாமிகிட்டயே சண்டை போடுதீக. நான் பேச மாட்டேன், நீங்க நிறுத்த மாட்டீக. அப்படியே இருக்கலாம். கூடப் போகலாம்லா?" அவள், அறிவுக்கொழுந்து, கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "எங்க?" அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப யோசித்துச் சொன்னார், "திருவான்மியூருக்கு. எங்க வீடு அங்கதானே இருக்கு." சிரித்துச் சிரித்துப் புரையேறி, பக்கத்து மேசையில் இருந்தவர்களெல்லாம் தண்ணீரை நீட்டினார்கள். சிரித்து முடித்ததும் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். மாமாவைக் கேட்க வேண்டும் என்று சொன்னாள்.

மாமா எதிர்ச்சுழல் இல்லையே. மாமாவும் அவளும் ஒரே பக்கம், ஒரே துக்கத்தில் சுற்றினவர்கள். பாண்டி போன முதல் வருஷம் இந்தப் பள்ளிக்கரணை வீட்டில் இரண்டு பேரும் எட்டி எட்டியே நடந்தார்கள். அவள் வேலைக்குப் போன பிறகு அவர் சாப்பிடுவார், அவர் படுத்த பிறகு அவள் வருவாள், நடுவில் ரசப் பாத்திரம்தான் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று சொல்லும். பாண்டியின் போன் அலமாரியில் கிடந்தது. அவள் அதற்கு ரகசியமாக ரீசார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தாள், நம்பர் போய்விடக்கூடாது என்று. ஆபீஸ் மாடியில் நின்று அந்த நம்பருக்குப் போட்டால் அவன் வைத்திருந்த பாட்டு கேட்கும், யாரும் எடுக்கமாட்டார்கள், பாட்டு முடிகிறவரை கேட்பாள். போனுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று வாரக்கடைசியில் எடுத்துப் பார்த்தால் எப்போதும் நிறைந்தே இருக்கும். பழைய போன், நல்ல பாட்டரி என்று நினைத்துக்கொண்டாள். கடலின் அடியில் கிடக்கிற மிதவையின் பாட்டரியைக் கணக்குப் போடுகிற விஞ்ஞானி! ஒருநாள் தெருமுனைக் கடைக்காரம்மா கேட்டாள், "இதே நம்பருக்கு முந்தாநாள்தானேம்மா உங்க பெரியவர் போட்டுட்டுப் போனாரு? மாசாமாசம் ரெண்டு பேரும் போடுறீங்க, யாரு நம்பரு?" வீட்டுக்கு ஓடிவந்தாள். அவர் பால்கனியில் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். "மாமா, நீங்களுமா?" எதை என்று அவர் கேட்கவே இல்லை. "பெறகு என்ன தாயி, விட்டா அவன் நம்பரை வேற எவனுக்காச்சும் தூக்கிக் குடுத்துருவாய்ங்கல்ல" என்றார். காய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழ, அவள் அழ, அப்புறம் எதற்கென்றே தெரியாமல் இரண்டு பேரும் சிரிக்க, அன்றைக்குத்தான் ஒரே தட்டத்தில் அப்பளத்தை உடைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு ஒரே நடுதான்.

சர்க்கரை போட நேரமாகவில்லை இன்னும். பால் பாதிக்கு வந்துவிட்டது, கரண்டியின் பின்னால் பிறக்கிற சுழல்கள் சோம்பல்பட்டுப் பாதி வட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆணி. காலையில் எழுந்ததும் கண்ணில் பட்டது அந்த ஆணிதான். பாண்டியின் படம் ஆறு வருஷமாக மாட்டியிருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது, நடுவில் ஆணி மட்டும். பரணிலிருந்து மாமாவின் பச்சை டிரங்குப் பெட்டி போன வாரமே இறங்கி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பூட்டோடு. எங்கே மாமா படம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் செல்வராணி போன் பண்ணினபோது இவர் சொன்னது காதில் விழுந்ததே, "ஆமாம்மா, பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டேன், எத்தனை நாளைக்கு இங்கன." சரிதானே, அவருக்கு மகள் இருக்கிறாள், மகள் வீட்டுக்குப் போகிறார். மருமகள் இன்னொருத்தரைக் கட்டிக்கொண்டு போனால் மாமனார் என்ன முறையில் கூட இருப்பார்? மகன் வழியாக வந்த உறவு, மகனே இல்லை. இப்போது மகன் படத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார். நியாயம்தான், பெற்றவர். ஆனால் மாமா, அங்கே யார் உங்களுக்கு மாத்திரையைப் பிட்டுத் தருவார்கள், முழுசாக விழுங்க வராதே உங்களுக்கு. செல்வராணிக்கு அது தெரியாது. தெரியாமல் முழுசாகக் கொடுப்பாள், நீங்களும் ரோஷத்தில் விழுங்கித் தொண்டையில் சிக்கி. ஐயோ. அவள் ஒரு முடிவு பண்ணியிருந்தாள், நேற்றுக் குளிக்கும்போது, தண்ணீர்ச் சத்தத்தில் தனக்கே கேட்காத மாதிரி. அந்தப் பெட்டி கோயம்புத்தூர் பஸ் ஏறினால் தனிஸ்லாஸிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. நல்ல மனுஷர், வருத்தப்படுவார், மறுபடி தயிர்சாதத்துக்குப் போவார். ஆனால் ஒருத்தரை நூலாக இழுத்துத்தான் இன்னொருத்தரோடு சேர வேண்டும் என்றால் அந்தச் சேர்க்கை எதற்கு.

முன்னறையில் என்ன பேசுகிறார்கள் என்று புகையை இழுக்கிற விசிறியின் இரைச்சலில் அரைகுறையாகத்தான் கேட்கிறது. விசிறியை அணைத்தாள். மாமாவின் குரல், தீயணைப்பு நிலையத்துக் குரல்: "உங்க கட்டடத்துல இறங்குறதுக்கு எத்தனை வழி?" "ரெண்டு படிக்கட்டு இருக்கு சார்." "ரெண்டாவது படிக்கட்டுல சைக்கிள், செருப்பு ஸ்டாண்டுன்னு அடைச்சு வச்சிருப்பாய்ங்களே?" "ஒரு பழைய மெத்தை கெடக்கு சார்." "அதை எடுக்கச் சொல்லுங்க." கல்யாணப் பேச்சா இது, ஆய்வா? மாப்பிள்ளையிடம் சம்பளம், சொத்து, பழக்கவழக்கம் என்று எத்தனையோ கேட்பார்கள், இவர் மெத்தையைப் பற்றிக் கேட்கிறார். தான் பக்கத்தில் இல்லாமல் போகிற வீட்டில் தன் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று பார்த்து வைக்கிறார் பாவம். அதை நினைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, புறங்கையால் துடைத்தாள். தனிஸ்லாஸ் வேறு சாருக்கு மேல் சார். வந்ததிலிருந்து அவருக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அங்கிள் என்று ஒருதடவை ஆரம்பித்து அங்... என்று விழுங்கிவிட்டார், இங்கிருந்தே கேட்டது. சிலிண்டர் வீட்டுக்குள்ளேயா வெளியிலா, ரப்பர்க் குழாய் எப்போது மாற்றினது, கதவு உள்பக்கம் திறக்குமா. எல்லாவற்றுக்கும் அந்த மனுஷர் பரீட்சை எழுதுகிற மாதிரி பதில் சொல்கிறார். சர்க்கரையைப் போட்டாள். இளகி மறுபடி தண்ணியானது, கொஞ்ச நேரம் சுழல்கள் திரும்ப வந்தன, இரண்டு கரண்டியை எடுத்துச் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் ஒரே திசையில் சுழற்றிவிட்டாள், அண்டா, சொம்பு, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன, பாலேட்டுக் கீற்றுகள் நீண்டு வளைந்து ஒட்டிக்கொண்டன. எது எது என்று தெரியவில்லை. அப்போது முன்னறையில் தரையோடு இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. டிரங்குப் பெட்டியை இழுக்கிறார்.

கரண்டியைப் போட்டுவிட்டு நடந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அது அவள் நினைவிலேயே இல்லை. என்ன சொல்லப் போகிறாள் என்றும் தெரியவில்லை, பெட்டிமேல் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது, உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்று சொல்லிவிடலாம், நாற்பத்தேழு வயதானால் என்ன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி நடுக்கூடத்தில் திறந்து கிடந்தது. உள்ளே மாமாவின் நான்கு வேட்டி, ரேடியோ, மாத்திரை டப்பா, பாண்டியின் போன், அதன் சார்ஜர். பழைய வேட்டியில் சுற்றியிருந்த பாண்டியின் படத்தை மாமா பிரித்துத் தனிஸ்லாஸின் மடியில் வைத்திருந்தார். தனிஸ்லாஸ் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை முதல்தடவை மடியில் வாங்கினவர் மாதிரி, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுச் சுவர்ல ஆணி இறங்குமா தம்பி?"

"சாதா ஆணி இறங்காது சார், கான்கிரீட்டு. ட்ரில்லு வச்சிருக்கேன்."

"எங்கன மாட்டுவீக?"

தனிஸ்லாஸ் தயங்கினார். "ஹால்ல பிலோமினா படம் இருக்கு சார். அதுக்குப் பக்கத்துல இடம் கெடக்கு. உங்களுக்குச் சம்மதம்னா."

மாமா படத்தைப் பார்த்தார், தாடையைத் தடவினார், ரொம்ப யோசித்தார். "மாட்டலாம். ஆனா ரொம்ப ஒட்டி வேணாம் தம்பி, கொஞ்சம் எட்டவே இருக்கட்டும். அவனுக்குக் கூச்ச சுபாவம். போகப் போகப் பழகிக்கிருவான்."

"மாமா" என்றாள் காந்திமதி. "பெட்டி கோயம்புத்தூருக்கு இல்லையா?"

"கோயம்புத்தூர்ல எனக்கு என்ன சோலி?"

"செல்வராணிகிட்ட சொன்னீங்களே, பெட்டி கட்டுறேன்னு."

"வீடு மாறப் போறோம்னா பெட்டி கட்ட வேணாமா? எதுக்குக் கட்டுறேன்னு அவ கேட்டா, சொன்னேன், அவளும் சரின்னுட்டா." அவர் குனிந்து வேட்டிகளைச் சரிபண்ணுகிற மாதிரி பாவனை பண்ணினார். "நீ எங்கயோ போற, என்னைக் கூப்பிடுவ கூப்பிடுவன்னு ஒரு மாசமாப் பாக்குறேன். கூப்பிடவே இல்லையே தாயி. அதான் நானாக் கட்டிக்கிட்டேன்."

அவள் அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போறேன்னு சொல்லிருவீங்கன்னு பயந்துக்கிட்டு நான் வாயே திறக்கல மாமா. நீங்க வரலேன்னா நானும் போறதா இல்ல." தனிஸ்லாஸ் இதைக் கேட்டு முகம் வெளுத்துப் போனார், பாவம், அவருக்கு இது புதுச் செய்தி. மாமா அவள் தலையில் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. மூக்கு விடைத்தது. முப்பது வருஷம் புகையை மோந்தே பழகின மூக்கு.

"தாயி. அடுப்ப எரியவிட்டுட்டா வந்த?"

எழுபத்து நான்கு வயதில் அந்த மனுஷர் ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். சமையலறையில் குமிழ் திருகுகிற சத்தம், சட்டியை இறக்குகிற சத்தம், ஜன்னல் திறக்கிற சத்தம், அப்புறம் கரண்டியால் அடியைச் சுரண்டுகிற சத்தம், அப்புறம் சப்புக்கொட்டுகிற சத்தம். காந்திமதி தரையில் உட்கார்ந்தபடியே மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். தனிஸ்லாஸ் படத்தை இறக்கி வைக்கத் தோன்றாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"தம்பி!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இவளை நம்பி உங்க வீட்டு அடுப்பை விட முடியாது. அங்கயும் நான்தான் பாத்துக்கணும்."

"சரிங்க மாமா" என்றார் தனிஸ்லாஸ்.